பார்த்த பிள்ளைகளின் கணக்கு எந்த ஏட்டில்?

சிவகாசியிலோ திருத்தங்கலிலோ சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலோ, முற்பகல் வேளையில் நின்றிருக்கிறீர்களா? நின்றவர்களுக்குத் தெரியும். திடீரென ஒரு முழக்கம்! கூரைத் தகரம் அதிரும். அடுக்களைப் பாத்திரம் கிணுகிணுக்கும். வெளியூர்க்காரன், "என்ன சத்தம்?" என்று கேட்பான். உள்ளூர்க்காரன் கேட்கமாட்டான். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பான். எந்தத் திசையில் புகை? அந்தத் திசைக்கு இன்று வேலைக்குப் போனவர் யார்?

பள்ளிக்கூடத்திலும் இதுதான். ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் கணக்கு பாதியில் நிற்கிறது. வகுப்பிலே இருக்கும் பிள்ளைகள் வேறு கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். அம்மா இன்று எந்த ஆபீஸ்? (பட்டாசு ஆலையை அங்கே 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். நாற்காலியும் மின்விசிறியும் இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள்!) அப்பா மருந்து கலக்கும் அறையிலா, வெடி அடைக்கும் அறையிலா? அக்காள் சரவெடி பின்னப் போனாளே, அது மேற்கேதானே? புகை மேற்கேயா தெரிகிறது?

மறுநாள் ஏடுகளைப் பாருங்கள். மாண்டவர் இத்தனை பேர். காயமுற்றோர் இத்தனை பேர். நிவாரணம் இத்தனை இலட்சம். வழக்கு இத்தனைப் பிரிவுகளின் கீழ். எல்லாக் கணக்கும் இருக்கும். ஒரு கணக்கு மட்டும் இருக்காது. புகை கண்ட திசை நோக்கிப் புத்தகப் பையோடு ஓடினானே ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவன், போய்ப் பார்த்தானே, அவனுடைய கணக்கு! மாண்டவர் பட்டியலில் அவனில்லை. காயமுற்றோர் பட்டியலிலும் இல்லை. அவன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லையே!

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்கள், என்னவென்று பார்க்கச் சென்றவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களையும் வாரிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 பிப்ரவரியில் இராமுதேவன்பட்டி, மே மாதத்தில் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னகாமன்பட்டி. முதலிப்பட்டி வெடித்தபோது மூன்று வயதாயிருந்த குழந்தை இன்று பதினைந்தைத் தாண்டிவிட்டது. அரிச்சுவடியோடு சேர்த்து இந்த ஊர்ப் பெயர்களையும் படித்து வளர்ந்த பிள்ளை அது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு விபத்துக்குப் பிறகு மருத்துவமனைச் சவக்கிடங்கின் வாசலில் நின்றிருந்தேன். பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் வந்தான், ஒன்பதாம் வகுப்பு இருக்கலாம். கூட வந்த சித்தப்பா உள்ளே போனார். போன வேகத்திலே திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடையாளம் சொல்ல அவரால் முடியவில்லை. பையன்தான் சொன்னான்: "கால்ல மெட்டியப் பாருங்க சார். எங்கம்மா மெட்டியில மீன் போட்டிருக்கும்." அழவில்லை. குரல் நடுங்கவில்லை. சுற்றி நின்ற பெரியவர்கள், "பையன் தைரியசாலிப்பா" என்றார்கள். நானும் தலையாட்டினேன். தோழர்களே, அன்று தலையாட்டியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அழாத பிள்ளையைக் கண்டு அச்சப்பட வேண்டிய இடத்தில், நாங்கள் பாராட்டிக்கொண்டு நின்றோம்!

ஓராண்டு சென்றது. அதே பையனைக் கடைத்தெருவில் கண்டேன். மூவர் ஏறிய ஒரு மோட்டார் சைக்கிள், நடுவிலே அவன். மணிக்கட்டில் ஒரு வண்ணக் கயிறு. கையிலே கைப்பேசி, அதிலே அரிவாள் தூக்கி ஆடும் யாரோ ஒருவனின் படம். அந்தக் கயிற்றின் நிறம் என்ன என்று கேட்காதீர்கள். எந்த நிறமாயிருந்தால் உங்களுக்குக் கோபம் வரும், எந்த நிறமாயிருந்தால் வராது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இன்று பேசவேண்டியிருக்கிறது.

"அண்ணாச்சி, விபத்து வேற, வெட்டுக்குத்து வேற. ரெண்டையும் முடிச்சுப் போடுறீங்களே" என்று தேநீர்க் கடையில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் முதலில் ஒன்று: எல்லாவற்றையும் விபத்து என்று அழைப்பது யார் பழக்கம்? நால்வர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைப்பதும், உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர் கையிலும் நடப்பதும், மரத்தடியில் வெடி அடைப்பதும், வீட்டுத் திண்ணையில் கருந்திரி போடுவதும் விதியின் விளையாட்டா? உருப்படிக் கூலிக்காரன் வேகமாக அடைத்தால்தான் அன்றைய அரிசி, வேகமாக அடைத்தால்தான் உராய்வு, உராய்ந்தால்தான் தீ. இதிலே எது தற்செயல்? கூலி நிர்ணயித்தவனின் கை அந்தத் தீயிலே இல்லையா? பிள்ளைக்கு இது புரியாது என்று எண்ணாதீர்கள். 'எங்கம்மா உயிருக்கு இவ்வளவுதான் விலை' என்பதைப் பேரம் பேசும் கூடத்தின் ஓரத்தில் நின்று அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்து, அவன் வாழும் சந்து. வேலை உண்டு என்றால் வீட்டில் யாருமில்லை; வேலை இல்லையென்றால் வீட்டில் அப்பா, அவர் கூடவே புட்டி! மதுக்கடையைப் பற்றி எழுதினால் கழக ஏட்டின் ஆசிரியருக்குச் சங்கடம் என்பதை அறிவேன். 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டதிலிருந்து, ஆட்சிகள் மாறின, கடை மட்டும் மாறவில்லை. அதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு அம்மாவின் தலைமயிர் அப்பாவின் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, காலை எட்டு மணிக்குத் திருக்குறள் ஒப்பிக்கப் போகும் பிள்ளை நம் சந்துகளில் உண்டா இல்லையா? உண்டு என்பது எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

இனி அரிவாள். 2022 ஏப்ரல், அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில், கையில் கட்டிய சாதிக் கயிற்றின் பேரில் மூண்ட சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாண்டான். 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினர். தடுக்க வந்த தங்கையின் கையிலும் வெட்டு. 2025 மார்ச், திருவைகுண்டம் பக்கம். தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனைக் கீழே இறக்கி விரல்களை வெட்டினர். கபடியில் வென்றானாம், அதுதான் குற்றம்! அடுத்த மாதமே பாளையங்கோட்டையில், எட்டாம் வகுப்புச் சிறுவனின் புத்தகப் பைக்குள்ளிருந்து வெளிவந்தது அரிவாள். எட்டாம் வகுப்பு, தோழர்களே! அரும்பு மீசைகூட முளைக்காத வயது.

"அதெல்லாம் நெல்லை, தூத்துக்குடிச் சீமை. நம்ம விருதுநகர்ல ஏது?" என்பார் இருக்கிறார்கள். இல்லையா? 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டதே, எதற்காக? கோயில் வாசலில் யார் நுழைவது என்பதற்காக! 1957இல் முதுகுளத்தூர் எரிந்தபோது அதுவும் நாமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தது கழக ஆட்சி. பேருந்தின் நெற்றியில் ஒரு தாழ்த்தப்பட்ட குலத்து வீரனின் பெயர் இருப்பதா என்று எத்தனை பேருந்து கல்லடி பட்டது, எத்தனை ஊர் கலகத்தில் வெந்தது! கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே நீக்கவேண்டி வந்ததே! அந்தக் கலகத்தைச் சன்னல் இடுக்கு வழியே பார்த்த பிள்ளைகள்தான் இன்று நாற்பது வயதுத் தகப்பன்மார். அவர்கள் மகன்களின் கையில்தான் கயிறு இருக்கிறது.

பார்த்தவன் செய்கிறான் என்பது என் ஊகமல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரிலே, ஏழைகளின் குடியிருப்புகளையும் சேர்த்து, வளரிளம் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். துப்பாக்கி வன்முறையைக் கண்ணால் கண்ட பிள்ளைகள், அடுத்த ஈராண்டுக்குள் தாமே கடும் வன்முறையில் இறங்கும் வாய்ப்பு, காணாதவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று 2005இல் வெளியிட்டார்கள். 2010இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வருத்தமானது. தெருவிலே ஒரு கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் தேர்வு வைத்தால், அந்தத் தெருவின் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்புத்திறன் மதிப்பெண் சரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளை கொலையை நேரில் காணாதிருந்தாலும்கூட! காரணம் விளங்காததல்ல. தூக்கம் போய்விடுகிறது. கதவு அறைந்தால் உடல் துள்ளுகிறது. எப்போது ஓடுவது, எப்போது அடிப்பது என்று நாளெல்லாம் உடம்பு காத்திருக்கும்போது, அந்த உடம்புக்குள் இலக்கணம் எப்படி நுழையும்? "மக்குப் பயல்" என்கிறார் ஆசிரியர். "திமிர் பிடித்தவன்" என்கிறார் தலைமையாசிரியர். "ரவுடி" என்கிறது காவல் நிலையம். மூன்று பட்டமும் பெற்றபின் நான்காவதாக ஒரு கூட்டம் வந்து, "வீரனடா நீ, நம்ம ரத்தமடா" என்று தோளில் கை போடுகிறது. அவன் யார் பக்கம் போவான்?

அவசரப்பட்டுவிடாதீர்கள். பார்த்த பிள்ளையெல்லாம் அரிவாள் எடுப்பான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ஏழையின் பிள்ளைகள் நெற்றியில் ஒரு புதுக் குறி போடுவதாகும். பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பதில்லை. மௌனமாகிறார்கள், படிப்பை விடுகிறார்கள், சீக்கிரமே மணமுடிக்கப்படுகிறார்கள் — பெண் பிள்ளைகளைச் சொல்கிறேன் — தம்பி தங்கைகளைத் தாங்கிக்கொண்டு முப்பதிலேயே கிழவராகிறார்கள். அரிவாள் எடுப்பவனைப் பற்றிச் செய்தி வருகிறது. மௌனமானவனைப் பற்றி வருவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் இருள் விலகாத வேளையில் ஆலை வண்டிகள் ஊர் ஊராக வந்து, அரைத்தூக்கச் சிறுமிகளை அள்ளிச் சென்றன. 'குட்டி ஜப்பான்' என்று பட்டம் சூட்டி மகிழ்ந்தோமே, அந்தப் பட்டத்தைத் தாங்கியவை தீக்குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்கள். 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10இல், சிவகாசிக் குழந்தைகளை முன்வைத்துத் தொடுத்த வழக்கில், பணியிலிருந்து மீட்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2016இல், 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் அமர்த்தலாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது. சத்துணவு, விலையில்லாப் புத்தகம், மிதிவண்டி, இத்தனையும் சேர்ந்து பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கிப் பள்ளி வாசலில் விட்டன. அன்று அந்த வண்டியில் போன சிறுமிதான் இன்று ஆபீஸில் மருந்து அடைக்கும் தாய். "நான் படிக்கல, நீ படி" என்று அவள் அனுப்பிய பிள்ளைக்குத்தான் பள்ளி வாசலில் கயிறு கட்டக் காத்திருக்கிறார்கள். ஆலை வாசலிலிருந்து மீட்ட பிள்ளையைப் பள்ளி வாசலில் பறிகொடுக்கவா ஒரு தலைமுறைத் தாய்மார் விரல் கருகினார்கள்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பேனா? மாட்டேன். 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு ஆலை விபத்தில் இறந்தோரின் பிள்ளைகளது உயர்கல்விச் செலவு வரை அரசு ஏற்கும் என்று சொல்லி, மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் 5 கோடி ரூபாய் முதலில் ஒதுக்கினார். நல்ல செயல், வரவேற்றோம். ஆனால் தாயை மெட்டியால் அடையாளம் காட்டியவனுக்குக் கட்டணச் சீட்டு மட்டும் போதுமா? இரவு மூன்று மணிக்கு விழித்து உட்காருகிறவன் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டாமா? நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் 600 பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கையைத் தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டும் எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது, மிதிவண்டியில் சாதிக்குறி கூடாது, பள்ளியின் பெயரில் சாதி கூடாது, மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதிலே உண்டு. முன்பே 2019இல் கல்வித்துறை கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அமைச்சர், பழைய நிலையே தொடரும் என்று பின்வாங்கினார். மாணவன் கயிறு கட்டத் துணிகிறான்; அமைச்சர் அவிழ்க்கத் துணியவில்லை! சந்துரு அறிக்கைக்கும் அதே கூச்சல் கிளம்பியது.

கூச்சலிட்டவர்களை ஏச இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அவர்களை ஏசுவது எளிது; நீங்கள் கைதட்டுவீர்கள், நானும் மகிழ்ந்து வீடு திரும்பலாம். நான் கேட்கவந்தது உங்களை, என்னை, நம் கிளைக் கழகத்தை.

1929இல் செங்கற்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை வெட்டு, நெற்றியிலும் உடையிலும் சாதியைக் காட்டும் குறியை விடு என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1931 ஆகஸ்டில், மூன்றாவது மாநாடு எங்கே கூடியது? விருதுநகரில்! நம் ஊரில்! அந்த ஊரில், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, பிள்ளையின் மணிக்கட்டில் குறி. யார் கட்டியது? எதிர்க்கட்சிக்காரனா?

காலையில் கழகக் கொடி கட்டுகிற கைதான், மாலையில் சாதிச் சங்கத் தோரணமும் கட்டுகிறது. தேர்தல் வந்தால், 'இந்தத் தெருவில் நம்மாளுக எத்தனை?' என்று கேட்கிறோமே, அந்த 'நம்மாளு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் வைத்துக் கேட்கிறோம் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாதா? திருமணச் சுவரொட்டியில் தலைவர் படம் ஒரு மூலையில், சாதிப் பட்டம் நடுவில், அரிவாளும் சிங்கமும் இரு பக்கத்தில்! அச்சடித்துக் கொடுக்க அச்சகத்துக்கா பஞ்சம், சிவகாசியில்! நாட்காட்டி அடிக்கும் அதே இயந்திரம் அதையும் அடித்துத் தருகிறது. ஒட்டுவது யார்? ஊர்வலத்தில் முன்னால் ஆட விடுவது யாரை? பதினைந்து வயதுப் பிள்ளையை! காவலர் வந்தால் அவன் மீது வழக்கு. நாம் ஜாமீனுக்குப் பின்னால் அலைவோம். 2015 சட்டப்படி, 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் புரிந்தால், பெரியவனாகவே கருதி விசாரிக்கவும் வழியுண்டு. பிள்ளையை அனுப்பிய பெரியவன் மட்டும் எந்தச் சட்டத்திலும் அகப்படுவதில்லை.

1967இல் இதே விருதுநகர்த் தொகுதியில், இந்நாட்டின் மாபெரும் தலைவர்களில் ஒருவரை எதிர்த்து ஒரு மாணவர் தலைவரை நிறுத்தி வென்றது கழகம். பெ. சீனிவாசன் கையில் இருந்தது துண்டறிக்கை. அந்த நாளிலும் கல்லெறிந்தவர் உண்டு, தீ வைத்தவர் உண்டு. பொற்காலம் பாட நான் வரவில்லை. ஆனால் அன்று சந்துக்கொரு படிப்பகம் இருந்தது. முடிதிருத்தும் கடையிலும் சைக்கிள் கடையிலும் ஏடு படித்துக் காட்ட ஒருவர் இருந்தார். தாயை இழந்த பிள்ளையும், தகப்பன் அடித்துத் துரத்திய பிள்ளையும் வந்து உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. எந்தச் சாதியென்று கேட்காத பெஞ்சு அது. இன்று அந்தப் படிப்பகங்களில் பல வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. ஒன்றில் வட்டிக்கடை நடப்பதை நானே பார்த்தேன். நாம் காலி செய்த பெஞ்சில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு யார்மேல் வழக்குப் போடுவது?

ஆகவே, வரும் கிளைக் கூட்டத்துக்கு இரண்டொரு வேலை. கூட்டத்துக்கு வரும் தோழர், முதலில் தன் வீட்டுப் பிள்ளையின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வரட்டும். அடித்து அவிழ்க்க வேண்டாம், பேசி அவிழ்க்கட்டும். பேச மூன்று நாளானால் கூட்டத்தை மூன்று நாள் தள்ளி வைப்போம். நம் வார்டில் கடந்த ஐந்தாண்டில் வெடி விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் யார் யார், அந்த நிதி அவர்களுக்கு வந்து சேர்ந்ததா, பள்ளிக்குப் போகிறார்களா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உறங்காத பிள்ளையை மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களிடம், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, 14416 என்ற எண்ணில் பேசலாம், அடிபடும் பிள்ளைக்கு 1098 உண்டு என்று சொல்லுங்கள். சுவரொட்டிச் செலவில் பாதியை எடுத்துப் படிப்பகத்தின் பூட்டைத் திறவுங்கள்.

எங்கள் சந்தில் சென்ற மாதம் திறந்தோம். நான்கு பெஞ்சு, இரண்டு ஏடு, பழைய கேரம் பலகை ஒன்று. முதல் வாரம் நாங்கள் கிழவர்கள்தான் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் வாரம் அந்தப் பையன் வந்தான். கயிறு கையில்தான் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேரம் ஆடினான். ஒன்பது மணிக்கு எல்லாரும் எழுந்தபோது அவன் எழவில்லை. "எத்தன மணி வரைக்கும் தொறந்திருப்பீங்க அண்ணாச்சி?" என்று கேட்டான். ஒன்பது என்று பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டேன்.